பொருள்: மிக்ஜாம் புயல் வெள்ளச் சேதம் – வீட்டுக் காப்பீட்டு இழப்பீடு – மூன்று மாதமாக அலைக்கழிப்பு

அனுப்புநர்: தங்கள் பாலிசிதாரர், வேளச்சேரி, சென்னை 42

பெறுநர்: குறைதீர்க்கும் அலுவலர் அவர்கள்

நாள்: 4.3.2024

ஐயா / அம்மா,

வணக்கம். பாலிசி எண்ணும் கிளெய்ம் எண்ணும் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. ஒவ்வொரு போனிலும் பதினெட்டு இலக்கத்தை ஒப்பித்து ஒப்பித்து எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. இந்தக் கடிதத்திலாவது அதை ஒப்பிக்காமல் விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன், இல்லையென்றால் மற்றதை எழுத ஓடாது. ஜனவரி மூன்றாம் வாரத்தில் உங்கள் கஸ்டமர் கேரில் பேசியவர் என்னிடம் சொன்னது இது: "மேடம், ஏரியில வீடு வாங்கினா தண்ணி வரத்தானே மேடம் செய்யும்? ஊர் பேர்லயே ஏரி இருக்கே." பெயர் கேட்டேன். "பேரு எதுக்கு மேடம், கால் ரெக்கார்ட் ஆகுது" என்றார். ரெக்கார்ட் ஆகியிருந்தால் நல்லது, எடுத்துக் கேளுங்கள். ஊர்ப் பெயரில் இருப்பது சேரி, ஏரி அல்ல. அது போகட்டும். 2022-இல் வீட்டுக் கடனோடு சேர்த்துப் பத்து வருடப் பிரீமியத்தையும் ஒரே தவணையில் வாங்கிக்கொண்டீர்களே, அன்றைக்கு விலாசத்தில் வேளச்சேரி என்றுதானே இருந்தது? அப்போது ஏரி தெரியவில்லையா?

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிசம்பர் 3 இரவு பிடித்த மழை மறுநாள் முழுக்க விடவில்லை. 4-ஆம் தேதி விடிவதற்குள் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். எங்கள் தெருவில் கார் வைத்திருப்பவர்கள் முந்தின நாளே மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இங்கே அது வழக்கம். பிரிட்ஜை எந்த மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவது? எழுபத்தெட்டு வயது அத்தையை மாடி வீட்டில் ஏற்றிவிட்டுத் திரும்பிவந்து பார்த்தேன், பிரிட்ஜ் மல்லாந்து மிதந்து சமையலறை வாசலில் குறுக்கே சிக்கிக்கொண்டிருந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்த பில்கள், வாரண்டி அட்டைகள் எல்லாம் கூழாகிவிட்டன. கரண்டு வந்து போனை சார்ஜ் போட்டதும், 7-ஆம் தேதி, முதல் வேலையாக உங்களுக்குத்தான் சொன்னேன். சொந்தத் தம்பிக்குக்கூட அதற்குப் பிறகுதான் பேசினேன்.

"72 மணி நேரத்தில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் நியமிக்கப்படுவார். அவர் பார்வையிடும் வரை சேதமான பொருள்களை அப்புறப்படுத்த வேண்டாம்" என்று மெசேஜ் வந்தது. வார்த்தையை நம்பி வைத்திருந்தேன். மாநகராட்சிக் குப்பை லாரி 12-ஆம் தேதி வந்தது. தெருவே மெத்தையையும் சோபாவையும் தூக்கிப் போட்டது. நான் மட்டும் போடவில்லை. சாக்கடை ஊறிய இரண்டு இலவம்பஞ்சு மெத்தை, மரத்தூளாக உதிர்கிற கட்டில், வாஷிங் மெஷின், எல்லாவற்றையும் போர்டிகோவில் அடுக்கிக் காவல் இருந்தேன். பதினான்கு நாள் கழித்து வந்த சர்வேயர் பதினோரு நிமிடம் இருந்தார். டேப் வைத்துச் சுவரின் கறையை அளந்தார், மூன்றடி இரண்டங்குலம். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டை ஏன்மா கழுவினீங்க? சேறு இருந்தாத்தானே எவிடென்ஸ்" என்றார். மூன்று வாரம் சேற்றிலேயே சோறு பொங்கித் தின்றிருக்க வேண்டுமோ?

அவர் பேரில் எனக்குக் கோபமில்லை. அன்றைக்கு மட்டும் இருபது வீடு பார்க்க வேண்டியிருந்ததாம், சட்டையெல்லாம் வியர்வை. மோர் கொடுத்து அனுப்பினேன்.

ஆனால் அண்ணா நகர் அலைச்சலை நான் மன்னிப்பதாக இல்லை. அசல் ஆவணங்களோடு நேரில் வரச் சொல்லி உங்கள் ஆபீசிலிருந்துதான் போன் வந்தது. ஜனவரி 9, ஆட்டோவுக்கு 480 ரூபாய். டோக்கன் போட்டு இரண்டே கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு கவுண்டரில் இருந்த பெண், "கிளெய்ம் செக்ஷன் கிண்டிக்கு மாறிடுச்சே மேடம், உங்களுக்குச் சொல்லலையா?" என்றார். கிண்டி வழியாகத்தான் அம்மா நான் வந்தேன்! திரும்பக் கிண்டிக்குப் போனால் மணி மூன்றரை. "மூணு மணியோட இன்வர்ட் க்ளோஸ்", அதாவது காகிதம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்று செக்யூரிட்டி கதவுக்கு வெளியிலேயே சொல்லிவிட்டார். மறுநாள் போய்க் கொடுத்த காகிதங்களையே ஜனவரி 24-இல் "பெறப்படவில்லை" என்று உங்கள் ஆப் காட்டியது. சீல் போட்ட நகல் என்னிடம் இருக்கிறது. அந்த ஆப்பில் 'அண்டர் ப்ராசஸ்' என்ற மஞ்சள் வட்டம் எத்தனை மாதம் சுற்றும் என்று உங்களுக்கே தெரியும்.

அரசாங்கம் அறிவித்த 6,000 ரூபாயை ரேஷன் கடையில் டோக்கனைக் காட்டி அரை மணி நேரத்தில் வாங்கிவந்தேன். பிரிட்ஜ் பில் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பணம் கட்டி வைத்திருந்த இடத்தில்தான் இத்தனை கேள்வி. "பில் இல்லைன்னா பிரிட்ஜ் இருந்ததுக்கு என்ன ப்ரூஃப்?" என்று கேட்டதும் உங்கள் ஆள்தான். பிரிட்ஜே இருக்கிறதே ஐயா, வந்து பாருங்கள்!

இவ்வளவுக்கும் பிறகு பிப்ரவரி 19 அன்று வந்த மெயிலில் என் 2,36,400 ரூபாய் கோரிக்கைக்கு நீங்கள் ஒப்புக்கொண்டது 38,750. மீதி 'தேய்மானம்'. பாலிசியில் வீட்டுப் பொருள் பகுதியை மூன்று முறை வாசித்தேன், அழிந்த பொருளுக்கு அதே போன்ற புதுப் பொருளின் விலை என்றல்லவா இருக்கிறது? உங்கள் பாலிசியை நீங்கள் வாசிக்காமல் இருக்க மாட்டீர்கள். அதோடு 'முழு மற்றும் இறுதித் தீர்வாக ஏற்கிறேன்' என்று கையெழுத்துப் போட ஒரு வவுச்சர் வேறு. போட மாட்டேன். இருபது வருடம் ரவிக்கை தைத்துச் சேர்த்த குடும்பம் ஒரே இரவில் நடுத்தெருவுக்கு வந்துவிட்டது, அதன் விலை 38,750 ரூபாயா?

தயவுசெய்து தவறாக நினைக்க வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள். கிண்டியில் சீல் போட்டுக் கொடுத்த தம்பி குடிக்கத் தண்ணீர் கூடக் கொடுத்தார். நான் கேட்பது மூன்றுதான். சர்வே அறிக்கையின் நகல் வேண்டும். எந்தப் பொருளுக்கு எவ்வளவு, ஏன் கழித்தீர்கள் என்ற கணக்கு வேண்டும். பாலிசிப்படி வர வேண்டிய மீதித் தொகை வேண்டும். ஏரி என்று பேசியவர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தாலும் சரி, தெரிவிக்காவிட்டாலும் சரி.

ஜனவரி 29 அன்று எழுத்தில் கொடுத்த புகாருக்கு இன்று வரை 'தங்கள் மெயில் பெறப்பட்டது' என்ற தானியங்கிப் பதிலைத் தவிர ஒன்றும் வரவில்லை. முப்பது நாள் தாண்டிவிட்டது. மார்ச் 15-க்குள் பதில் வராவிட்டால் காப்பீட்டுப் புகார்களுக்கான பீமா பரோசா இணையதளத்தில் பதிவு செய்துவிட்டு, இந்த வழக்குகளைத் தீர்க்கத் தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் நேரில் போய் மனுக் கொடுப்பேன். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். அண்ணா நகருக்கும் கிண்டிக்கும் அலைந்த காலுக்குத் தேனாம்பேட்டை தூரமில்லை.

இப்படிக்கு,
தங்கள் பாலிசிதாரர்

பி.கு.: பிரிட்ஜ் இன்னும் போர்டிகோவில்தான் நிற்கிறது. அதைத் தூக்கிப் போடலாமா, வேண்டாமா என்பதையாவது எழுத்தில் தெரிவிக்கவும். பக்கத்து வீட்டுப் பூனை உள்ளே குட்டி போட்டிருக்கிறது.