சான்று யாருடையது?

ஆசிரியருக்கு,

லித்தியம் அயனி பேட்டரிப் போக்குவரத்து பற்றிய தங்கள் தலையங்கம், சோதனைச் சான்று இருந்தால் கவலையில்லை என்கிறது. இந்த பேட்டரிகளை அனுப்புவதற்கு முன் அவற்றின் வடிவமைப்பு தேறியிருக்க வேண்டிய ஐ.நா. 38.3 என்ற பாதுகாப்புச் சோதனை கடுமையானதுதான்: 72 டிகிரி வெப்பத்திலும் மைனஸ் 40 டிகிரி குளிரிலும் மாறி மாறி வைக்கிறார்கள், அதிர்வு, ஷார்ட் சர்க்யூட் என்று இன்னும் பல. சரி, ஆனால் சோதிக்கப்படுவது ஒரு வடிவமைப்பின் மாதிரிகளே. பெட்டியில் வரும் ஒவ்வொரு பேட்டரியும், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு மின்கலமும் (செல்) அல்ல. சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நான், பழைய செல்களைக் கோத்து, புது நீல உறை சுற்றிய பேட்டரி ஒன்று வேறு மாடலின் சான்றோடு வந்ததைப் பார்த்திருக்கிறேன். உறையின் ஓரத்தில் பழைய வெல்டிங் தடம் அப்படியே தெரிந்தது.

எந்த மாடல் எந்தச் சோதனைகளில் தேறியது என்று சொல்லும் சோதனைச் சுருக்கத்தைக் கேட்டதும் தர வேண்டும் என்ற விதி 2020 முதல் இருக்கிறது. அதிலுள்ள மாடல் எண்ணையும் பேட்டரி மீதுள்ள எண்ணையும் ஏற்றுவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்ப்பதையும் கட்டாயமாக்கலாம்.

– ஒரு வாசகர்