வால்பாறை வண்டிக்கும் உனக்கும்

அன்புள்ள தேவிக்கு, அப்பா எழுதுவது.

நேற்று நீ வண்டியைத் திருப்பிக்கொண்டே அம்மாவிடம் பேசினாய். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஸ்டீயரிங்கை ஒடிக்க ஒடிக்க, கன்று ஈனப் போகிற மாடு போல ஒரு முனகல். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது. நான் போனை வாங்கிக் கேட்டதற்கு, "கொஞ்ச நாளாவே இப்படித்தான்பா, டைட்டா இருக்கு, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். ஆயுசு முழுக்க லாரிக்கு அடியில் படுத்து எழுந்த ஒருவன் திருச்செங்கோட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்ச நாளாக இருப்பதை என்னிடம் சொல்லக் கூடாதா? சரி, விடு.

காலையில் என்ஜின் சூடாவதற்கு முன் பானெட்டைத் திற. ஸ்டீயரிங் ஆயில் டப்பா எது என்று உனக்குத் தெரியும், ஒன்பதாவது படிக்கும்போதே காட்டியிருக்கிறேன். ஆயில் கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தால் முனகலுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். ஆயில் குறைந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்ப ஆயிலைத் தள்ளி உதவுகிற பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். எண்ணெயை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். அதனால்தான் கைக்கு வர வேண்டிய உதவி பாதி வழியிலேயே போய்விடுகிறது. ஆயிலில் நுரை தெரிந்தால் காற்று ஏறியிருக்கிறது. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் மொத்தமாக மாற்ற வேண்டும். டார்ச் அடித்துப் பார், மினுமினுவென்று இரும்புத் துகள் தெரிந்தால் வண்டியை எடுக்காதே, பம்ப் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கிறது.

உன் ஆக்சென்ட் காருக்கு பிஎஸ்எஃப்-3 என்ற ஸ்டீயரிங் ஆயில். கையேட்டிலேயே போட்டிருக்கும். கடைக்காரர் எதையாவது கொடுத்து இதுவும் ஒன்றுதான் என்பார், வாங்காதே. அவசரத்துக்குக்கூட பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதே, உள்ளே இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போகும்.

ஆயில், காற்று எல்லாம் மாப்பிள்ளைதான் பார்ப்பார். பொங்கலுக்கு வந்தபோதுகூட வாசலில் நின்று டயர் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நீ பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாய். நல்லதுதான், எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதான்.

டயர் காற்றையும் பார். முன் டயரில் காற்று குறைந்தாலே ஸ்டீயரிங் கல் மாதிரி இருக்கும், அதற்குப் போய் பம்பைக் கழற்றுகிற மெக்கானிக்கும் உண்டு.

அப்புறம் பம்பைச் சுற்றுகிற பெல்ட். ஸ்டார்ட் செய்ததும், ஒடித்துத் திருப்பும்போதும் "கீச்"சென்று கத்தினால் அது பெல்ட் வழுக்குகிற சத்தம், முனகல் வேறு, கீச்சு வேறு. வால்பாறை மழையில் ஈரம் பட்டுப் பட்டு இது இன்னும் சீக்கிரம் வரும். என்ஜினை அணைத்துவிட்டு, சாவியையும் எடுத்துவிட்டு, பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அமுக்கிப் பார். தொளதொளவென்று இருந்தால் டைட் வைக்க வேண்டும். உள்பக்கம் கண்ணாடி போல் பளபளத்தாலோ வெடிப்பு இருந்தாலோ புதுசு போட்டுவிடு. என்ஜின் ஓடும்போது துப்பட்டாவோடு குனியாதே. சங்ககிரி சித்தப்பா கை உனக்கு நினைவிருக்கும்.

ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு நிம்மதியாகிவிடாதே. அது தானாகக் குறையாது, எங்கோ போயிருக்கிறது. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு வை, காலையில் எங்கே சொட்டியிருக்கிறது என்று தெரியும். ஸ்டீயரிங் ராடு இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை இருக்கும். அமுக்கும்போது உள்ளே ஆயில் தளும்பினால் ராக், அதாவது சக்கரத்தைத் திருப்புகிற பல் தண்டு, அதன் சீல் போய்விட்டது. வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் நுரை மட்டும் வந்தால், டப்பாவிலிருந்து பம்புக்குப் போகிற ஹோஸின் கிளிப் தளர்ந்து காற்றை இழுக்கிறது. பிரஷர் ஹோஸில் மட்டும் என்ஜின் ஓடும்போது கை வைத்துத் தேடாதே.

ஆயிலில் ஏறிய காற்றை வெளியே எடுக்க, முன் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினைப் போடாமல் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் மெதுவாகத் திருப்பி, ஆயில் இறங்க இறங்க ஊற்ற வேண்டும். குமிழி நின்ற பிறகுதான் ஸ்டார்ட் செய்து மறுபடி திருப்ப வேண்டும். அவசரப்படுகிற மெக்கானிக்கிடம் விடாதே, எடுத்தவுடன் ஸ்டார்ட் செய்தால் எல்லாம் நுரையாகிவிடும். சக்கரம் தூக்கியிருக்கும்போதே, என்ஜின் ஓடாமலும் கனமாகச் சிக்கிச் சிக்கித் திரும்பினால் குறை பம்பில் இல்லை. ராக், ஜாயிண்ட் பக்கம் பார்க்கச் சொல்.

ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. மழையில் தனியாக அதை ஓட்டி ஏறிய பெண் என்று இங்கே ஒர்க்‌ஷாப்பில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், கேட்டவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். அதே 40 வளைவைத்தான் இப்போது ராத்திரி படுத்தால் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைத்துவிடாதே. அணைத்தால் ஸ்டீயரிங்குக்கும் உதவி கிடையாது, பிரேக்குக்கும் கிடையாது. வளைவில் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பிடித்துக்கொண்டு நிற்காதே, பம்ப் சூடேறும், ஒரு நூல் திருப்பி விடு. மறுபடியும் சொல்கிறேன், இறக்கத்தில் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், கியரிலேயே இறங்கு.

இந்த ஊர் மாற்றத்தை நீயாகக் கேட்டு வாங்கினாய் என்று அத்தை சொன்னாள். நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. வைகாசித் தேருக்கு நீ வரவில்லை, அவரும் வரவில்லை, போன் செய்தால் இரண்டு பேரும் தனித்தனியாக "நல்லா இருக்கோம்" என்கிறீர்கள். அம்மா உன் அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறாள். ஏன் என்று நான் கேட்டதற்கு, சும்மாதான் என்றாள்.

ஆயிலைப் பார்த்துவிட்டு டப்பாவைப் படம் எடுத்து அனுப்பு. குறைந்திருந்தால் ஊற்றாமல் வண்டியை ஓட்டாதே, அந்த ஆயில்தான் பம்புக்கே உயவு.

சனிக்கிழமை பொள்ளாச்சி பஸ் பிடித்து வருகிறேன். பெல்ட், ஹோஸ் கிளிப், ஆயில் எல்லாம் ஈரோட்டில் வாங்கிக்கொள்வேன், ஸ்பேனர் பெட்டியும் கொண்டு வருகிறேன். சக்கரத்தைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மாப்பிள்ளையைக் கூப்பிடலாமா, இல்லை பக்கத்தில் யாராவது பார்த்துக்கொள்ளலாமா, அதை நீ சொல். எதுவானாலும் சரி, நான் காரணம் கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் உட்கார்ந்து கேட்பேன்.

அப்பா