செயலாளரின் ஆண்டறிக்கை: வன்னியில் காணாமற்போன உறவுகளுக்கான ஆவணப் பணி

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சந்தா வசூல், மாதக் கூட்டம், டேன்டீயில் (தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டக் கழகம்) ஓய்வு பெற்றோரின் லைன் வீட்டு மனுக்கள் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. அவற்றின் விவரம் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது. இவ்வறிக்கை பெரும்பாலும் இலங்கையின் வடக்கே வன்னியில் போரின்போது காணாமற்போனோர் கோப்புகளைப் பற்றியது.

இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி அண்ணன் குடும்பம் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரியில் சேரம்பாடிக்கோ கொளப்பள்ளிக்கோ வந்தது. இலங்கையிலேயே தங்கிய தம்பி குடும்பம் 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடி, வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறியது. பந்தலூர் வட்டாரத்தில் இப்படிப் பிரிந்த வீடுகள் நிறைய. போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு தம்பி வீட்டாரைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்காதவர்கள்தான் நம்மிடம் வருகிறார்கள்.

இலங்கையில் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. உறவினர் அங்கே முறைப்பாடு கொடுக்கலாம். அலுவலகம் தேடிப் பார்த்துத் தகவல் சொல்லும். யாருக்கும் தண்டனை வாங்கித் தராது. இதை முதல் நாளே குடும்பத்தாரிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட் நோட்டீசை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 முதல் போராடிவரும் குடும்பங்கள் இந்த அலுவலகத்தையே ஏற்கவில்லை. நம் செயற்குழுவிலும் இரு கருத்து உண்டு. ஆகவே மனுப் போடச் சொல்வதும் இல்லை, தடுப்பதும் இல்லை. கேட்டு வருபவருக்குக் கோப்பைச் சரியாகக் கட்டித் தருகிறோம்.

கோப்பு சிக்குவது பெரும்பாலும் பெயரில்தான். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதிய ‘கறுப்பையா’ இங்கே ரேஷன் கார்டில் ‘கருப்பையா’. அங்கே தகப்பன் பெயரை முழுதாக முன்னே எழுதுவார்கள், இங்கே இனிஷியலோடு சரி. எந்த எழுத்தையும் திருத்தாமல், ஒவ்வொரு ஆவணத்திலும் உள்ளபடியே எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி முன்பக்கம் வைக்க வேண்டும்.

பிறந்த தேதி தெரியாவிட்டால் பழைய இலங்கை அடையாள அட்டை எண் உதவும். முதல் 2 இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த 3 ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்ணானால் அதோடு 500 கூட்டியிருக்கும். 58612 என்று தொடங்கினால் 1958இல் 112ஆம் நாள் பிறந்த பெண். எல்லா ஆண்டுக்கும் பிப்ரவரிக்கு 29 நாளாகவே அங்கே கணக்கு. எனவே அது ஏப்ரல் 21; சாதாரண நாட்காட்டியில் எண்ணினால் 22 என்று வந்து ஒரு நாள் பிசகும்.

கடைசியாகக் கண்ட இடத்தைக் கேட்டால் எல்லோரும் முள்ளிவாய்க்கால் என்கிறார்கள். அது போதாது. வட்டுவாகல் பாலமா, ஓமந்தைச் சோதனைச் சாவடியா, முகாமா? கண்ணால் கண்டவர் யார், கேட்டுச் சொன்னவர் யார் என்பதைத் தனித்தனியே எழுத வேண்டும். அங்குள்ள உறவினர், காணாமற்போனோரைப் பற்றி விசாரிக்க 2013இல் அமைந்த ஆணைக்குழுவிலோ பொலிசிலோ முன்பே பதிந்திருந்தால் அந்த எண்ணை வாங்காமல் புதிதாக எழுதக் கூடாது. ஒரே ஆளுக்கு இரண்டு தேதி போய்விட்டால் இரண்டையுமே சந்தேகப்படுவார்கள்.

காணிக்காகவும் உதவித்தொகைக்காகவும் மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி நெருக்கப்படும் மனைவிமார் அங்கே உண்டு. மரணப் பதிவுச் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பின் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறவும் வழியிருக்கிறது. கணவர் இறந்தார் என்று அதில் கையெழுத்திட வேண்டியதில்லை. இந்த வித்தியாசத்தைப் போனில் சொல்லாமல் எழுதி அனுப்புகிறோம்.

வாக்குமூலம் எடுக்க இருவர் போக வேண்டும்: ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. வீடியோ கூடாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். அழுகை வந்தால் பேனாவை மூடிவிடுங்கள். மிச்சத்தை மறுவாரம் எழுதிக்கொள்ளலாம்.

மூலப் பத்திரம் குடும்பத்திடமே இருக்கும், நமக்கு நகல் மட்டும். மண்டபம் முத்திரை குத்திய குடும்ப அட்டையைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் மை மங்குகிறது, பிறகு பிரிக்கவும் முடியாது. தென்மேற்குப் பருவமழையில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூசணம் பிடிக்கும். இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, தகர டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு அடுப்படியிலிருந்து தள்ளி வையுங்கள்.

வரும் ஆண்டில் நெல்லியாளம் பக்கத்துக் கோப்புகளை எடுப்பதாக முடிவு. சிங்களப் படிவம் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவராவது தேவை, தெரிந்தவர்கள் பெயர் கொடுக்கவும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.