462 மார்க்கும் ஆறரை மணி பஸ்ஸும்

எங்கள் ஒன்றியத்துப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் அரசுப் பள்ளி ஆசிரியை நான். போன வருடம் சேர்க்கை சமயத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் வகுப்பில் ஒரு பெண் 500க்கு 462 எடுத்தாள். அறிவியலில் 97. நீரிழிவு பாடம் நடத்தியபோது, தன் பாட்டியின் கால் புண் ஏன் ஆறவே மாட்டேன் என்கிறது என்று எழுந்து கேட்டவள். பதினொன்றாம் வகுப்பு விண்ணப்பத்தில் அவள் எழுதியிருந்தது காமர்ஸ் குரூப். எங்கள் பள்ளியில் உயிரியல் குரூப் கிடையாது. அதற்கு 14 கிலோமீட்டர் தள்ளி டவுனுக்குப் போக வேண்டும். "இங்க இருக்கற குரூப்பே போதும் டீச்சர்" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

அவளுடைய அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அவரிடம் பேசிப் பார்த்தேன். "சாயங்கால பஸ்ஸுல வந்து இறங்க ஆறரை ஆயிடும் டீச்சர். மெயின் ரோட்டுல இருந்து வீட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர். ஒரு லைட்டு கெடையாது. நாளைக்கு ஒண்ணுன்னா எல்லாரும் என்னையத்தான கேப்பாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பயத்தை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு பெண்களைப் பெற்ற எனக்கும் அது உண்டு. என் வீட்டில் ஸ்கூட்டர் இருக்கிறது, போய்க் கூட்டி வந்துவிடுகிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே வகுப்பில் 371 எடுத்த பையன் இப்போது டவுனில் உயிரியல் படிக்கிறான். அதே பஸ்ஸில் வந்து, அதே இருட்டில் நடந்து வீட்டுக்குப் போகிறான். அவன் நன்றாக வர வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

2025 பிளஸ் டூ தேர்வில் மாணவிகள் 96.70 சதவீதம், மாணவர்கள் 93.16 சதவீதம் தேர்ச்சி. "பொண்ணுங்கதான் முந்திட்டாங்களே" என்று நாமும் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறோம். யார் எந்த குரூப்பில், எதை விட்டுக்கொடுத்துத் தேர்ச்சி பெற்றார்கள் என்று அந்தக் கணக்கில் தெரியாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. பிளஸ் டூவில் உயிரியலே எடுக்க முடியாதவளுக்கு அதனால் என்ன பயன்? புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் நல்ல உதவிதான். ஆனால் அது கல்லூரிக்குப் போன பிறகு கிடைப்பது. இவளுடைய வழி அதற்கு இரண்டு வருடம் முன்பே, பஸ் நேரத்தைப் பார்த்து முடிவாகிவிட்டது.

பையன்களுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. முகூர்த்த நாள் என்றால் என் வகுப்பில் கடைசி பெஞ்ச் காலி, கேட்டரிங் வேலைக்குப் போயிருப்பார்கள். அப்படியே சென்ட்ரிங் வேலைக்கு நகர்ந்து, பரீட்சையே எழுதாமல் போகிறவன் தேர்ச்சி சதவீதத்தில் வருவதில்லை. வீட்டில் பணம் இல்லை என்றால் பையனைக் கூலி இழுக்கிறது, பெண்ணை வீடு இழுக்கிறது. பையன்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்த அம்மாவின் பயம் உங்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. நான் தனியாக மனு கொடுத்துப் பார்த்துவிட்டேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆறு ஊர்க் குழுக்கள் ஒரே தீர்மானம் போட்டால் அப்படி வைத்துவிட முடியாது.

எங்கள் பள்ளிக்கு உயிரியல் குரூப்பும் அதற்கான ஆசிரியர் பணியிடமும் கேளுங்கள். அது கிடைக்க நாளாகும். அதுவரை, டவுனில் 5.40க்கு எடுக்கிற பஸ்ஸை ஐந்து மணிக்கு எடுக்கச் சொல்லுங்கள். பள்ளி 4.30க்கே விட்டுவிடுகிறது, பிள்ளைகள் ஸ்டாண்டில் சும்மாதான் நிற்கிறார்கள். அப்புறம் அந்த இரண்டு கிலோமீட்டருக்குத் தெருவிளக்கு. உள்ளாட்சி உறுப்பினரும் உங்கள் குழுவிலேயே இருக்கிறார், அவரிடமே கேட்கலாம்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் மே மாதம் வந்துவிடும், அதனால் ஏப்ரல் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் என் வகுப்பில் நான்கு பெண்கள் உயிரியல் வேண்டும் என்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்களை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஒரு அறிவியல் ஆசிரியை