நாமினிய 'வாரிசு'ன்னு போடாதீங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம். பேங்க் கணக்குக்கு நாலு நாமினி (கணக்கு வெச்சிருக்கவர் போயிட்டா பணத்த வாங்கிக்க அவர் பேர் எழுதி வெக்கிற ஆள்) வரைக்கும் போடலாம்னு 2025 நவம்பர்ல வந்த ரூல் பத்தி போன ஞாயித்துக்கிழமை எழுதியிருந்தீங்க, நல்ல விஷயம்தான், ஆனா செய்தி பூரா நாமினிங்கிறதுக்கு 'வாரிசுதாரர்'னே போட்டிருந்தீங்க. இந்த வார்த்தையாலதான் எங்க வீட்ல ஆறு மாசமா சண்டை.

என் தங்கச்சி வீட்டுக்காரர் போன வருஷம் தவறிட்டாரு. ரேஷன் கார்டு வெச்சிருந்த பிளாஸ்டிக் கவர்லயே மூணு லட்சத்துக்கு எஃப்டி ரசீது இருந்துச்சு, நாமினி யாருன்னு பாத்தா அவரோட தம்பி, கல்யாணத்துக்கு முன்னாடி போட்டத மனுஷன் மாத்தவே இல்ல. பேங்க்ல தம்பி கையில பணத்த குடுத்துட்டாங்க, அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், நாமினிக்கு குடுத்தா அவங்க வேலை முடிஞ்சுது. இந்த பையன்தான் 'நான்தான் வாரிசு, எனக்குத்தான் சொந்தம்'னு நிக்கிறான், இப்ப உங்க பேப்பர வேற வாட்ஸ்அப்ல அனுப்புறான்.

பக்கத்து வீட்ல சாவி குடுத்துட்டு ஊருக்குப் போனா வீடு அவங்களுதா ஆயிடுமா? நாமினியும் அப்படித்தான், வாங்கி உரியவங்க கிட்ட சேக்கணும். 1984லயே சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு எல்ஐசி கேஸ் போச்சு, அதுல நாமினி மனைவி, ஆனா அம்மாவும் மகனும் ஆளுக்கு மூணுல ஒரு பங்கு கேட்டாங்க, அவங்க கேட்டதுதான் சரின்னு தீர்ப்பு. 2010ல பேங்க் கணக்குக்கும் அதே மாதிரி சொல்லிட்டாங்க, 2023ல ஷேருக்கும். இன்ஷூரன்ஸ்ல மட்டும் 2015ல திருத்தி, நாமினி அப்பா அம்மாவோ, கணவன் மனைவியோ, புள்ளைங்களோன்னா பணம் அவங்களுக்கேன்னு ஆக்கினாங்க. தம்பி அந்த லிஸ்ட்லயும் கிடையாது.

உயில் எழுதாம ஒரு இந்து ஆம்பள போயிட்டா 1956 இந்து வாரிசுரிமை சட்டப்படி பொண்டாட்டி, புள்ளைங்க, அம்மா எல்லாருக்கும் சம பங்கு. மாமியாருக்கும் பங்கு உண்டுன்னு என் தங்கச்சிக்கே இப்பதான் தெரியும், அதுலேர்ந்து அந்தம்மாகிட்ட கொஞ்சம் மரியாதையா பேசுறா.

வாரிசு சான்றிதழ் தாசில்தார் ஆபீஸ்ல வாங்கியாச்சு, வக்கீல் நோட்டீஸும் அனுப்பியாச்சு. நீங்க இனிமே நாமினின்னே போடுங்க, தமிழ்லதான் வேணும்னா நியமனதாரர்னு போடுங்க. சின்னதா ஒரு திருத்தம் போட்டீங்கன்னா அதையும் போட்டோ எடுத்து அந்த பையனுக்கு அனுப்பணும்.

இப்படிக்கு,
உங்க பல வருஷத்து வாசகர்,
பெரம்பூர், சென்னை