தானே முளைக்கும் பூச்செடிகளைக் களையாக எண்ண வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழைக்கு முன்னதாக வீட்டுத் தோட்டங்களில் களையெடுக்கும் வேலை நடந்துவருகிறது. ஆவணி மழைக்குத் தாமாகவே முளைத்த காசித்தும்பை, அந்திமந்தாரை, வாடாமல்லி, கோழிக்கொண்டை நாற்றுகளையும் புல்லோடு சேர்த்துக் கொத்தி எறிந்துவிட்டு, சில நாட்களிலேயே நர்சரிக்குச் சென்று அதே செடிகளைக் காசு கொடுத்து வாங்கிவரும் வழக்கம் பெருகிவருவது வருத்தமளிக்கிறது.

முளைத்திருப்பது இன்ன செடி என்று தெரியாததே இதற்கு முதற் காரணம். சற்றுக் குனிந்து பார்த்தால் அடையாளம் காண்பது எளிது. அந்திமந்தாரையின் வித்திலைகள் (விதை முளைத்ததும் முதலில் விரியும் இலைகள்) இரண்டும் மற்ற நாற்றுகளினுடையவற்றை விட அகன்று, சிறுநீரக வடிவில் இருக்கும். காசித்தும்பையின் இளந்தண்டு நீர் கோத்தாற்போலப் பளபளக்கும். சிவப்புப் பூ பூக்கப்போகும் செடியாயின் அந்தத் தண்டிலேயே செம்மை ஓடியிருக்கும், வெள்ளைப் பூவாயின் வெளிர்பச்சையாக இருக்கும். நான்கைந்து இலை விட்டதும், மாலை வேளையில் வேர்மண்ணோடு எடுத்து ஒரு சாண் இடைவெளியில் நட்டுவிடலாம். அந்திமந்தாரைக்கு மட்டும் வேர் கிழங்காகத் தடிக்கும் என்பதால் இடமாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

கடைசிப் பூக்களைச் செடியிலேயே முற்றவிடாமல் கொய்துவிடுவதால் விதை கிடைக்காமல் போவது, செடிகளைக் காசு கொடுத்து வாங்க நேர்வதற்கு மற்றொரு காரணம். வாடாமல்லியின் விதை, காய்ந்த பூவின் செதில்களுக்குள் பஞ்சு போன்ற இழைகளில் பொதிந்திருக்கிறது. பூந்தலையை உதிர்த்துத் தூவினாலே போதும். காசித்தும்பையின் முற்றிய காயோ விரல் பட்டவுடன் ஐந்து மடலாகப் பிளந்து சுருண்டு விதைகளைத் தூர எறிந்துவிடும். விதை சேகரிக்க விரும்புவோர் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டே காயைத் தொட வேண்டும். கனகாம்பரத்தின் காய்ந்த காய்கள் மழையில் நனைந்ததும் வெடித்துச் சிதறும். ஆனால், டெல்லிக் கனகாம்பரம் மும்மடிய ரகம் (வழக்கமான இரண்டுக்குப் பதிலாக மூன்று குரோமோசோம் தொகுதிகள் கொண்டது) என்பதால் விதை பிடிக்காது. தண்டை வெட்டித்தான் பெருக்க வேண்டும். வீரிய ஒட்டு ரகத் துலுக்கச் சாமந்தியின் விதையும் தாய்ச்செடியைப் போலவே பூக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

தானே பரவும் செடிகள் அனைத்தையும் வளர்க்கலாம் என்பதல்ல என் கருத்து. அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி முதுமலை உள்ளிட்ட காடுகளில் பரவி, உள்ளூர்ச் செடிகளை நெருக்கிவருகிறது. பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையைத் தொலைவுக்குக் கொண்டுசெல்வதால், மலையோர ஊர்களில் இருப்போர் அதனை வேலிக்குக்கூட வைக்காதிருப்பதே முறை.

தங்கள் நாளிதழின் தோட்டப் பகுதியில் மாடிக் காய்கறிகளைப் பற்றி நிறைய வெளிவருகிறது. ஆண்டுதோறும் புரட்டாசியில், இத்தகைய பூச்செடிகளின் இளநாற்றுப் படங்களைப் பெயருடன் ஒரு பக்கத்தில் வெளியிட்டால், களைக்கொட்டை எடுக்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்க வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சிராப்பள்ளி.