கல் அரிக்கும் கை

எமரால்ட், குயின்ஸ்லாந்து
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் நால்வரும் நலம். அங்கே ஆடிக் காற்று தொடங்கியிருக்கும். இங்கே இப்போது குளிர்காலம். விடியற்காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது, பத்து மணிக்கெல்லாம் நல்ல வெயில். அம்மா, "லீவு நாளில் குழந்தைகளை வைத்துக்கொண்டு என்னதான் பண்ணுவீங்க?" என்று போன வாரம் கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கல் தேடப் போகிறோம்.

எமரால்ட் என்றால் மரகதம். ஆனால் இங்கே மரகதம் கிடைப்பதில்லை. பழைய பண்ணை ஒன்றின் பெயர் ஊருக்கு வந்துவிட்டது. மேற்கே முக்கால் மணி நேரம் காரில் போனால் அனாக்கி, சஃபயர், ரூபிவேல் என்று சின்னச் சின்ன ஊர்கள். அங்கே மண்ணுக்குள் நீலக்கல் இருக்கிறது. 1875-இல் ஆர்ச்சிபால்ட் ரிச்சர்ட்சன் என்பவர் அனாக்கி பக்கம் முதலில் கண்டாராம். பெயர்தான் நீலக்கல், பச்சை, மஞ்சள், ஒரே கல்லில் இரண்டு மூன்று நிறம் என்றெல்லாம் வரும்.

அரசாங்கத்தின் உரிமம் இல்லாமல் தோண்டக் கூடாது. குடும்பத்துக்கே சேர்த்து ஒன்று வாங்கிவிட்டோம். கடப்பாரை, மண்வெட்டி, சல்லடை மாதிரிக் கைக் கருவிகள் மட்டும்தான், இயந்திரம் கூடாது.

முதல் தடவை மேல் மண்ணையே நாள் முழுக்கக் கிளறினோம். என் பையன் பச்சையாக ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். உடைந்த பாட்டில் சில்லு. அழுதுவிட்டான். பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் வந்து, 'வாஷ்' வரைக்கும் போக வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். பழைய ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்து போட்ட கூழாங்கல் அடுக்கைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கோடி வருடங்களுக்கும் முன்னால் எரிமலைக் குழம்பு இந்தக் கற்களை ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்திருக்கிறது. அப்புறம் பாறை மட்கிக் கரைந்து, கல் மட்டும் ஆற்றோடு போய்த் தங்கிவிட்டது.

அதற்கு அடுத்த வேலை உங்கள் வேலை, அம்மா. ரேஷன் அரிசியைக் குண்டானில் போட்டுத் தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டிக் கல் அரிப்பீர்களே, அதேதான்! பெரிய கண் சல்லடை மேலே, சின்னக் கண் கீழே. களிமண் போகக் கழுவிவிட்டு, சின்னச் சல்லடையைத் தண்ணீருக்குள் குலுக்கிக் குலுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற வேண்டும். நீலக்கல் தண்ணீரைப் போல நான்கு மடங்கு கனம். சாதாரணப் பளிங்கு இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அதனால் கனமானது நடுவில், அடியில் போய்ச் சேர்ந்துவிடும். சாக்கின் மேல் ஒரே வீச்சில் கவிழ்த்தால் அடி மேலே வந்துவிடும். உங்கள் மாப்பிள்ளை குலுக்கினால் எல்லாம் கலந்து போகிறது. "அம்மா சல்லடையைத்தான் நான் பார்ப்பேன்" என்கிறாள் பாப்பா. பத்து வயதில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து குண்டானைப் பிடித்த என் கை இது.

போன வாரம் அவள்தான் கண்டுபிடித்தாள். துவரம் பருப்பு அளவுதான் இருக்கும். ஈரத்தோடு வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஒரு ஓரம் நீலம், மறு ஓரம் மஞ்சள். ராத்திரி தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினாள். விற்றால் பெரிதாக ஒன்றும் வராது. வந்தாலும் கொடுக்க மாட்டோம். இந்தப் பக்கம் 1930-களில் ராய் ஸ்பென்சர் என்ற சிறுவன் எடுத்த கறுப்புக் கல்லை, கதவுக்கு முட்டாக வருடக்கணக்கில் வைத்திருந்தார்களாம். பின்னால் பட்டை தீட்டியபோது 733 காரட் நட்சத்திர நீலக்கல், வெளிச்சத்தில் மேலே நட்சத்திரக் கோடு தெரிகிற கல்! அதைக் கேட்டதிலிருந்து பையன் வழியில் கிடக்கிற கறுப்புக் கல்லை எல்லாம் கார் டிக்கியில் ஏற்றுகிறான். நான் தடுக்கவில்லை.

அப்பா, மழை பெய்த மறுநாள் இங்கே தோண்டாமலே நடந்து தேடுகிறார்கள். மழை கழுவிவிட்ட தரையில் கல் மின்னும். ஒரு நாள் அப்படி நடந்தபோது எனக்கு நம் மேய்ச்சல் நிலம், அந்தக் கொறங்காடுதான் ஞாபகம் வந்தது. மழை விட்ட காலையில் கிளுவை வேலியோரம் என்னை முன்னால் விட்டு, "சூரியனைப் பார்த்து நட, கல்லு தானாக் கூப்பிடும்" என்பீர்கள். பழங்கால ஊரான கொடுமணலில் பூமிக்கடியிலிருந்து நீலக்கல் மணி எடுத்ததைச் சொன்னதும் அங்கேதான். காங்கேயத்திலிருந்து கல் வியாபாரி வந்து கேட்டபோதும், அங்கே பொறுக்கிய கற்களை நீங்கள் தரவில்லை. ஏன் தரவில்லை என்று அப்போது புரியவில்லை. இப்போது பாப்பாவைப் பார்க்கும்போது புரிகிறது.

அலமாரியில் இருக்கும் அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து, கற்களை ஒரு வெள்ளைத் துண்டில் கொட்டிப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பாப்பா பார்க்க வேண்டுமாம். ஐப்பசியில் மழை விழுந்ததும் காட்டுக்குப் போவீர்கள், எனக்குத் தெரியும். முட்டி வலியோடு தனியாகப் போக வேண்டாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் மகள்